காத்தாயி துணை என்று தொடங்கிய நோட்டு

என் அன்பு வசந்தா அக்கா,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிவிட்டது. தண்ணீர் கடைமடைவரைக்கும் வந்து நடவும் முடிந்துவிட்டது. என் மகள் தேன்மொழி திருவாரூரில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் போகிறாள். இப்படி ஒவ்வொன்றாக நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ இப்படி ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போவாய் என்று நான் சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

உன் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, கடைசி நாட்களில் நீ படித்த தடி நாவல். இன்னொன்று, பக்கம் பக்கமாக எண்களாகவே எழுதிய ஒரு நோட்டு. முப்பது வருடம் காலேஜில் கணக்கு நடத்தியவள், ஏதோ கணக்குத்தான் போட்டிருக்கிறாள் என்று நோட்டை மூடிவிட்டு நாவலை எடுத்தேன்.

நாவல் நடப்பது யுத்த காலத்தில். எதிரியின் ரகசியத் தந்திகளை உடைக்க ஒரு கொட்டகையில் உட்கார்ந்து பெண்கள் மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிற்பாதியில் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். பேங்குக்கும் செல்போனுக்கும் யாராலும் உடைக்க முடியாத பூட்டுச் செய்வது அவள் வேலை. எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருந்தாய். எதிரிப் படையின் அதிகாரி ஒருவன் எந்தத் தந்தியானாலும் ஒரே மரியாதை வாசகத்தைப் போட்டுத்தான் தொடங்குவான். அந்த வாசகத்தை ஒரு பெண் ஊகித்துவிடுகிறாள். அதைப் பிடித்துக்கொண்டே மொத்தத்தையும் உடைத்துவிடுகிறாள்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டு வயதில் நான் செய்ததும் அதைத்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் 'காத்தாயி துணை' என்று குலதெய்வத்தின் பெயரைப் போடாமல் எந்தக் காகிதமும் தொடங்காது. உரக்கடைச் சீட்டுக்கும் காத்தாயிதான் துணை. அக்கா, உனக்கு அப்போது பத்தொன்பது. பேராவூரணித் தேங்காய் மண்டிக்காரர் மகனுக்கு எழுத்துக்கு ஓர் எண்ணாகப் போட்டுக் கடிதம் எழுதினாய். அவர் வேறு சாதி, பிடிபட்டால் வீடு ரெண்டாகும் என்று உனக்குத் தெரியும். அவ்வளவு சாமர்த்தியம் செய்தவளுக்குச் சாமி பெயரை விட்டுவிட்டு எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் காத்தாயியையும் எண்ணாக்கி உட்காரவைத்திருந்தாய்!

உன் டிரங்குப் பெட்டியில் அனுப்பாமல் இருந்த கடிதங்களை நான்தான் எடுத்தேன். அந்த ஆறு எழுத்து பிடிபட்டதும் மற்றவை இரண்டே நாளில் வந்து விழுந்தன. அப்பாவிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன்.

"கெட்டிக்காரிடி நீ" என்று முதுகில் தட்டினார். எனக்கு ஒரே பெருமை.

மண்டிக்காரர் மகனை அவர்கள் வீட்டில் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னை ஒரு வருடம் காலேஜுக்கு விடவில்லை. அதற்கப்புறம் வந்த வரன் எல்லாவற்றையும் நீ வேண்டாம் என்றாய். யார் காட்டிக்கொடுத்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அப்பாவே கண்டுபிடித்துவிட்டார் என்று நீ நினைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோற்றை நீயும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்.

நாவலைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். எல்லாப் பக்கத்தின் தலையிலும் அதே ஆறு எண்கள். ரகசிய எழுத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவள் நீ. இந்தத் தப்பைத் தெரியாமலா செய்தாய்?

மூன்று பகல் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "சுமதி, இதை நீதான் படிப்பாய். அன்றைக்கும் நீதானே படித்தாய்."

பேனாவைக் கீழே வைத்தேன். தெரிந்தா அக்கா என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தாய்? தெரிந்தா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வத்தக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்?

அடுத்த வரி: "உன்னை மன்னிக்கப் பார்த்தேன். முடியவில்லை. உன் முகத்தில் விழிக்காமல் இருக்கப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை."

இதைப் பற்றி அவ்வளவுதான். மற்ற பக்கமெல்லாம் என் மூட்டுவலி, தேன்மொழியின் மார்க், எங்கள் வீட்டு ஓட்டு ஒழுக்கு. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன ஞாயிறு தேன்மொழி குளிக்கப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் அவள் போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்நேரமும் யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்கா. இதோட லாக் நம்பர் உனக்குத் தெரியும்ல? போடு, பாத்துடலாம்."

தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் போடுவதைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத பூட்டுக்கு வீட்டு ஆள் ஒருத்தி போதும்.

"தெரியுங்க. ஆனா போட மாட்டேன்."

"பெத்தவங்க பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

"நான் ஒரு தடவ பாத்தேங்க. எங்க அக்கா வாழ்க்கையே போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் போனைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

தேன்மொழியிடமும் சொன்னேன், போன் விஷயம் உட்பட. அவள் கேட்டாள்.

"பெரியம்மா இருந்தப்ப ஒரு தடவகூட நீ சொல்லலையாம்மா?"

"இல்ல."

"அப்ப இப்ப சொல்லு. நாலு பேருக்குத் தெரியற மாதிரி சொல்லு."

சொல்கிறேன் அக்கா. காட்டிக்கொடுத்தது நான். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நீ அழுவாய் என்று தெரிந்துதான் ஓடினேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஓடினேன்.

மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன் பதிலைப் படித்துவிட்டேனே. தேன்மொழி மனதில் யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூட நான் அவளைக் கேட்கவில்லை. அவளாக வந்து சொல்கிற நாளில் எந்த ஊர், எந்தச் சாதி என்று வாயைத் திறக்க மாட்டேன். அவள் பக்கத்தில் நிற்பேன். அவள் அப்பா எதிரே நின்றாலும் நிற்பேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

நீ மன்னிக்காத உன் தங்கை,
சுமதி