தையல் அறை ஓடு

1978 அக்டோபர் 23, திங்கள்

மூட்டம். மழை இல்லை. மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டை இறங்கியதில் நாள் முழுக்கத் தும்மல்.

தையல் அறையில் செய்யவேண்டியவை என்று கிரேஸ் சொன்னது: உடைந்த ஓடு மாற்ற. சன்னலுக்குக் கொக்கி (இப்போது சணல்). சுவிட்சில் பொறி பறக்கிறது. எல்லாம் போன வருஷமும் சொன்னதுதான். ஓடு மட்டுமாவது முதலில் என்றாள். சரி என்றேன். சரி சொல்வதில் மட்டும் எனக்குச் சோம்பல் கிடையாது.

ஓடு வாங்கித்தான் வைத்திருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். பின்சுவரில் சாத்தி வைத்திருந்த புது ஓடுகளை, போன வாரம் சர்ச் கமிட்டியில் எழுந்து நின்று "வெஸ்ட்ரிக்கு என் காணிக்கை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை வருகிறது, சபை ஐயர் அங்கி மாட்டுகிற அறை ஒழுகலாமா? நேற்று ஆராதனையில் ஐயர் என் பேரை வாசித்தார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கிரேஸ் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நல்ல காரியந்தான்" என்றாள். அவ்வளவுதான். அலுமினியச் சட்டியை ஓட்டைக்கு நேரே கொண்டுபோய் வைத்தாள்.

அக்டோபர் 25, புதன்

நல்ல வெயில். பல்லில் வலி, இடது பக்கம்.

சாயங்காலம் கரிவலம்வந்தநல்லூர் டீச்சரம்மா வந்திருந்தார்கள். மகளுக்கு அடுத்த புதன் கல்யாணம். வெள்ளைச் சேலை. முந்தியில் பூவேலை, ஓரம் முழுக்க லேஸ், தலைக்கு நெட். எல்லாம் கிரேஸ் கை.

"திருநெல்வேலில குடுத்துத் தைப்போம்னு மாப்ள வீட்ல சொன்னாவ. கிரேஸு தச்சாத்தான் ஆச்சுன்னு நான் ஒத்தக் கால்ல நின்னுட்டேன்" என்றார்கள். திங்கள்கிழமை காலையில் வாங்க வருவார்களாம். கிரேஸ் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து நாளாகிறது. அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வெயிலில் வேறு ஓடு வாங்கி ஏறியிருக்கலாம். ஏணி பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணாச்சியிடம் இருக்கிறது. கேட்கத்தான் போனேன். பேசிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். மறந்தேனா? காபியில் சீனி தூக்கல் என்பது ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

மத்தியானம் லேசான தூறல். சட்டியில் டொக், டொக்.

"அத்தான், ஞாயித்துக்கிழம லீவுதான? ஏறிப் பாருங்களேன்."

"ஓய்வுநாள்ல வேலையா?" என்று கேட்டுவிட்டேன். கமிட்டி மெம்பர் அல்லவா.

சனிக்கிழமை விளக்கு வைத்ததும் மிஷினுக்குத் துணி போர்த்திவிடுகிறவள் அவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஞாயிறு அதைத் தொட்டதில்லை. அவளுக்குப் போய் ஓய்வுநாள் பாடம் எடுத்தேன். போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு நான் ரேடியோவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அது வேலையில் சேராது போல. அவள் சட்டித் தண்ணீரைக் கொட்டப் போய்விட்டாள். அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம்.

அக்டோபர் 28, சனி

மண்டியில் இருக்கும்போதே கொட்டித் தீர்த்துவிட்டது. குடை இல்லை. நனைந்துகொண்டே ஓடிவந்தேன். பாதி வழியில்தான் சேலை நினைவு வந்தது.

சட்டிக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. பக்கத்து ஓடும் நழுவி, தண்ணீர் நேரே மேஜைமேல் இறங்கியிருக்கிறது. முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குக் காபி நிறக் கறை. ஓட்டில் எத்தனை காலத்து அழுக்கோ. சோப்பு போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். மங்கியது, ஆனால் விரிந்துவிட்டது.

"நூல் வாங்கக் கடைக்குப் போனேன். மூடி வச்சிட்டுப் போயிருக்கணும். என் தப்புதான்."

அவள் தப்பாம்! நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். கல்யாணச் சேலையில் கறை என்று வெளியே தெரிந்தால் இனி யார் அவளிடம் கொடுப்பார்கள்? இத்தனை வருஷம் சேர்த்த பேர்.

மிஷினுக்கு இன்று துணி போர்த்தவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

மறுபடியும் மூட்டம்.

காலையில் அவள், "நான் வரல. கறைக்கு மேல ரிப்பன் பூவா வச்சு அடைக்கப் போறேன். நீங்க போங்க, பாடம் வாசிக்கணும்லா" என்றாள். தெருவுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று சன்னலைச் சாத்திச் சணலை இறுக்கிக் கட்டினாள். அந்தப் புழுக்கத்தில்.

போனேன். வாசித்தேன். எந்த அதிகாரம் என்று கேட்டால் தெரியாது. ஆராதனை முடிந்து வாசலில் ஐயரம்மா, "கிரேஸ எங்க காணும்?" என்றார்கள். "காய்ச்சல்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

காய்ச்சல் என்றால் எங்கள் சபையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஐயர், ஐயரம்மா, கமிட்டிச் செயலாளர் எல்லாரும் ஜெபம் பண்ண என்கூடவே புறப்பட்டுவிட்டார்கள்.

"வேண்டாம் ஐயா, அவ தூங்குதா."

"தூங்கட்டும். தலமாட்டுல நின்னு ஜெபிச்சிட்டுப் போறோம்" என்றார் ஐயர்.

சன்னல் சாத்தியிருந்தும் தெருமுனையிலேயே மிஷின் சத்தம். நான் வீடு வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டே நடந்தேன்.

கதவைத் திறந்தவளுக்குத் தலையெல்லாம் நூல், முகமெல்லாம் வேர்வை. செயலாளர், "காய்ச்சல்னு..." என்று இழுத்தார். கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"காய்ச்சல்லாம் இல்ல ஐயா. ஓடு ஒழுகி கல்யாணச் சேல கறையாயிட்டு. நாளைக்குக் குடுக்கணும். அதான் தைக்கேன்."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். ஐயர் அண்ணாந்து பார்த்தார். மேலே வானம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் வெஸ்ட்ரியில் இப்போது ஒழுகுவதில்லை.

ஐயரம்மா சேலையை விரித்துப் பார்த்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏட்டி, ஊசி ஒண்ணு குடு. இந்தப் பக்கத்துப் பூவ நான் வைக்கேன்" என்றார்கள். ஓய்வுநாளில், ஐயரம்மா.

"வந்ததுக்கு ஜெபிச்சிருவோம்" என்றார் ஐயர். கண்ணை மூடினோம். கிரேஸின் கைகளுக்காக ஜெபித்தார். மணப்பெண்ணுக்காக. கொஞ்சம் நிறுத்தி, "இந்த வீட்டில் எழும்பாமல் கிடக்கிறவரையும் எழுப்பிவிடும்" என்றார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது கிரேஸ்தான்.

ஐயரும் செயலாளரும் போய்விட்டார்கள். ஐயரம்மா இன்னும் உள்ளே தைக்கிறார்கள். ஓட்டுக் கடை இன்று திறக்காது, மண்டியிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்தேன். ஏணியும் வாங்கிச் சுவரில் சாத்தியாயிற்று. மறப்பதற்குள் இதை எழுதிவிட்டு ஏறலாமென்று உட்கார்ந்தேன்.

மிஷின் நின்றுவிட்டது. கிரேஸ் குரல்.

"அத்தான், தூறல் விழுது. எழுதுனது போதும். நீங்க ஏறுதீயளா, நான் ஏறவா?"