ஐஸ் பெட்டியோடு போகுமா

15.7.2008, செவ்வாய்

துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கை ஏற்றிப்போன லாரி திருவொற்றியூர் வளைவில் மாட்டிக்கொண்டது. என் பேருந்தும் நின்றது. ஜன்னலுக்குக் கீழே மீன் விற்கும் பாக்கியம் அக்கா, போன மாதம் நான் விற்ற பேட்டரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் கட்டிய பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி ஒழுகியது.

"இன்னா யக்கா, வண்டி உன்ன இஸ்துகினு போவுதா, நீ வண்டிய இஸ்துகினு போறியா?" என்றார் நடத்துனர். பேருந்தே சிரித்தது.

ஷோரூமில் அக்கா கேட்டது ஒன்றுதான்: ஐஸ் பெட்டியோடு மணலி போய்த் திரும்புமா? தாராளமாக என்றேன். ஒரு சார்ஜுக்கு இவ்வளவு என்று விளம்பர அட்டையில் போட்டிருந்த தூரம் சுமை இல்லாமல் ஓட்டிப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் அதுவரை நான் ஒரு வண்டியும் விற்றிருக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "உன் வண்டி மேல தப்பு இல்ல நைனா. நான்தான் சரியா சார்ஜ் போடல போல கீது."

"ஆமாக்கா, ராத்திரி முழுக்க போடணும். நடுவுல கரண்ட் போவுதான்னு பாத்துக்கோங்க."

அதைச் சொன்னது நான்தான். பேருந்து நகர்ந்தது. நான் இறங்கவில்லை.

இந்த ராத்திரியில் அக்கா சார்ஜரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.