ஆறில் நாலு பாஸ்

கோபம் வந்தால் வளர்மதி என்றும் மனசு குளிர்ந்தால் வளரு என்றும் கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை. நானும் அப்பாவும் சிறுவாச்சூர் காளியாத்தா கோயிலுக்குப் போய் உன் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தோம். மாவு இடித்ததில் என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அந்தக் கையோடுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

வேண்டுதல் ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அக்காவிடம் சொன்னாய். "எம் பொண்ணு பன்னெண்டாவது பாஸாவட்டும், காளியாத்தாவுக்கு மாவிளக்குப் போடறேன். மாவு அவதான் இடிக்கணும், அப்பயாச்சும் ஒடம்பு வளையுதான்னு பாப்போம்." மூச்சு வாங்குகிற நேரத்திலும் என்னை வம்புக்கு இழுக்காமல் உன்னால் இருக்க முடியாது.

அன்றைக்கே என் அரையாண்டு மார்க்கையும் கேட்டாய். "எல்லாத்துலயும் எழுவதுக்கு மேலம்மா" என்றேன். உன் முகம் மலர்ந்தது. அது பொய், அம்மா. ரிப்போர்ட்டை உன்னிடம் காட்டவே இல்லை. 'சரோஜா' என்று உன் கையெழுத்தை நானே போட்டேன். கடைசித் துணைக்காலை அடுத்த கட்டம் வரைக்கும் இழுத்துவிடுவாயே, அதையும் விடாமல் இழுத்தேன். டீச்சருக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் நீ போய்விட்டாய். அடுத்த மாதம் போய் அதற்கடுத்த மாதம் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சையன்று மணி அடித்து விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் என்ன எழுதினேன் என்று இன்றைக்குவரை தெரியாது.

அப்பா ஒரு காரியம் செய்தார் பார். ரிசல்ட்டுக்கு முந்தின நாளே அரியலூரிலிருந்து மூன்று கிலோ ஜாங்கிரி வாங்கி வந்துவிட்டார். 'பாஸாகாம எங்க போயிடும்' என்று அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் போனில் பார்த்தால் கணக்கும் வேதியியலும் அவுட். நான் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா போனை வாங்கிப் பார்த்தார். அப்புறம் ஜாங்கிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்!

"எம் பொண்ணு ஆறுல நாலு பாஸு. எடுத்துக்குங்க."

ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார். அத்தை பின்னாலேயே ஓடினார்கள். "ண்ணே, ஃபெயிலான புள்ளைக்கு எவனாச்சும் மிட்டாய் குடுப்பானா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆத்தாளப் பறிகுடுத்துட்டுப் போயி நாலு பாடத்துல தேறியிருக்கு. நீ ரெண்டா எடுத்துக்க."

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் ஒளிந்துகொள்ள நினைத்ததை இந்த மனுஷன் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாரே என்று. ஆனால் சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஜன்னல் வழியே, "நாலாமே வளரு, பரவால்லயே!" என்றார்கள். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் நான் ஒரு ஜாங்கிரி தின்றேன்.

அத்தை விடவில்லை. அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் கேட்கிறார்கள், சேர்த்துவிடலாம் என்று தினமும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. நீ இல்லாத வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலே உன் இருமல் கேட்கிற மாதிரி இருந்தது. அந்த வாரம் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தால் என் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும். அப்பாதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வந்து சொன்னார். "வூட்டுல படிக்க முடியலன்னா லாரில ஏறு."

ஏறினேன். அப்பா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போவார். எடைமேடைக்கு முன்னால் லாரிகள் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும். அதுதான் என் டியூஷன் சென்டர். அப்பா ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்து வைத்துக் கேள்வி கேட்பார். உலோகவியல் பாடத்தில் ஒருநாள், "சுண்ணாம்புக்கல் எதுக்குப் போடறாங்க?" என்றார். எனக்கு வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஃபெயிலான பாடத்தத்தான் நான் இருவது வருசமா ஏத்தி எறக்கிட்டு இருக்கேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன், அம்மா. அப்பாவும் சிரித்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினார்.

அப்புறம் வரிசையிலிருந்த டிரைவர்கள் எல்லாரும் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். முருகேசன் மாமா டீ கிளாசோடு வந்து கணக்குச் சூத்திரம் கேட்பார். "நான் பத்தாவதுல கணக்குல ஃபெயிலு. அதான் இங்க நிக்கறேன். நீயும் வந்துராதம்மா, ஏற்கனவே கியூ பெருசா இருக்கு" என்பார்.

துணைத்தேர்வில் இரண்டும் பாஸ். வேதியியலில் அறுபத்தொன்று. அப்பா திருந்தவில்லை, இந்த முறையும் முந்தின நாளே ஜாங்கிரி வாங்கி வைத்திருந்தார். இப்போது நான் பி.எஸ்சி., படிக்கிறேன். என்ன பாடம் தெரியுமா? வேதியியல்தான். முதல் செமஸ்டரில் ஒரு அரியர்கூட இல்லை. அத்தை இப்போது ஊர் முழுக்க, "எங்க வளரு கெமிஸ்ட்ரியில்ல படிக்குது" என்று பீற்றிக்கொள்கிறார்கள்.

உனக்குத் தலைதிவசம் கழியட்டும் என்றுதான் வேண்டுதலைத் தள்ளி வைத்திருந்தோம். அப்பா தனக்கு லீவு என்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். "திங்க, வெள்ளி வுட்டா நட தெறக்க மாட்டாங்கண்ணே. பூட்டக் கும்புட்டுட்டு வரப்போறியா?" என்று அத்தை பிடித்துக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் இன்னும் நாலு போட்டிருப்பாய்.

ஊறவைத்த அரிசியை உரலில் இடித்தேன். நீ சொன்ன மாதிரியே உடம்பு வளைந்தது. வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நெய் ஊற்றித் திரி ஏற்றினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, இப்ப ஆறுக்கு ஆறு" என்றார். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. கூடவே நான் போட்ட அந்தக் கையெழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் கேட்டார்.

"கணக்குல எவ்ளோ?"

"பதினொண்ணு."

"நூத்துக்கா?"

"ம்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத எங்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட சொல்லு" என்றார்.

சொல்கிறேன், அம்மா. அரையாண்டில் தமிழ் 52, ஆங்கிலம் 40, கணக்கு 11, இயற்பியல் 36, வேதியியல் 19, உயிரியல் 44. இதுதான் நிஜ மார்க். நிஜத்தைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? திட்டியிருப்பாயா? இல்லை, நீயும் அப்பா மாதிரி, ஆறில் நாலு என்று ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லச் சொல்லியிருப்பாயா?

இனி நல்லதோ கெட்டதோ, வந்த மார்க்கை வந்தபடியே உன்னிடம் சொல்லுவேன். உன் கையெழுத்தை இனி நான் போடவே மாட்டேன். இந்த மார்க்குக்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். துணைக்காலை இழுக்கிற அளவுக்குத் தாராளமாகவே விட்டிருக்கிறேன்.

உன் மாவிளக்குக்கு மாவு இடித்த மகள்,
வளரு