ஆறாவது நிறுத்தம்

மார்ச் 4

இன்றும் நத்தை தாமதம். ஆறாவது நிறுத்தம், அதுதான் கடைசி; மூன்றாம் வகுப்பு. பட்டப்பெயர் வைத்தது நான்தான். அவளுக்கும் அதில் பெருமை. அம்மா பின்னலைப் பிடித்தபடி பின்னால் ஓடிவர, இவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு அசைந்து வருகிறாள். பள்ளி வண்டிக்குள் முப்பத்தொன்பது பிள்ளைகள் உச்சுக்கொட்டுகிறார்கள். எங்கேயும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று தலைமை ஆசிரியை போன வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்: "நாளைக்கு நிக்க மாட்டோம், பாத்துக்கோங்க." பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு எவ்வளவு அதிகாரம்!

மார்ச் 5, மாலை

நிற்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்து நான்தான் "ரைட்" சொன்னேன். "வந்துருவாம்மா, இரு" என்றார் டிரைவர் அண்ணன். "தினம் இதே கூத்தா? எடுங்கண்ணா" என்றேன்.

பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்றபோது பூமி ஆடியது. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. கொடிக்கம்பம் தூக்கத்தில் தலையாட்டுவது போல ஆடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டடத்தில் விரிசல்தான். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் வண்டிப் பிள்ளைகளை மூன்று தடவை எண்ணினேன். முப்பத்தொன்பது.

மார்ச் 6

மைதானமே ஊராகிவிட்டது. பத்திரமாக இருக்கிற பிள்ளைகளின் பெயர்களைத் தலைமை ஆசிரியை வாசலில் கரும்பலகை வைத்துத் தன் கையால் எழுதுகிறார். பெற்றவர்கள் ஓடிவந்து படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு தையல்காரத் தகப்பன் மேடைத் திரையைக் கிழித்துக் கூடாரம் தைக்கிறார். எங்கும் மாவு சலித்தது போலப் புழுதி. பக்கத்தில் யாரோ தூங்குவது போல எல்லோரும் மெல்லத்தான் பேசுகிறார்கள்.

மீட்புக்காரர்கள் தெருப்படத்தை விரித்தார்கள். தெருவே இல்லையே! டிரைவர் அண்ணன், "தெருப்பேரெல்லாம் நமக்குத் தெரியாது சார். எங்க எத்தனை ஹாரன் அடிக்கணும்னு தெரியும்" என்றார். தண்ணீர், மருந்து ஏற்றிக்கொண்டு நடக்கிற வேகத்தில் கிளம்பினோம். முதல் நிறுத்தம், இரண்டு ஹாரன். வீடே இல்லாத இடத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். வண்டி தண்ணீரில் மிதந்து போவது போலிருந்தது. யாருக்கு என்ன வேண்டும், எங்கே முனகல் கேட்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஆறாவது நிறுத்தம். மூன்று ஹாரன். நத்தையின் மாடி வீடு தரையோடு மடிந்து கிடந்தது. மறுபடியும் மூன்று.

"இறங்கிப் பாரும்மா."

"கால் வரலண்ணா."

அவரே இறங்கிப் போனார்.

மார்ச் 7

இன்றும் அடித்தோம். யாரும் வரவில்லை. தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் நின்னிருந்தா என்ன குடி முழுகிப்போயிருக்கும்? பாவி, ஏன்டி "ரைட்" சொன்ன?

மார்ச் 8

தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்த ஒரு நிமிஷக் கணக்கு என்னுது. நீ மட்டும் ஏன் தூக்கிச் சுமக்கற?" என்றார். கரும்பலகையில் எழுதிய பெயரையே மறுபடி எழுதினார். அவருக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது.

மார்ச் 9

ஆற்றுப் பாலம் விழுந்ததிலிருந்து அக்கரைப் பள்ளியோடு தொடர்பே இல்லை. இன்று அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் ஆற்றில் இறங்கியே வந்துவிட்டார். தலையில் துண்டால் கட்டிய பொட்டலத்தில் ஒரு தாள். "இங்கே தங்கியிருக்கும் வேறு பள்ளிப் பிள்ளைகள்" என்று நான்கு பெயர்கள். மூன்றாவதைப் படித்தேன். மறுபடி படித்தேன். டிரைவர் அண்ணனிடம் கொடுத்து, "நீங்க படிங்கண்ணா" என்றேன். அவர் படிக்காமல் என் முகத்தைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 13

படகில் போனேன். நத்தை தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன்.

"நீங்க விட்டுட்டுப் போனதால நடந்தே கூட்டிட்டுக் கிளம்பினேன்" என்றாள். "வழியில சுவர் கால்ல விழுந்துச்சு. யாரோ வேன்ல தூக்கிப்போட்டு இந்தப் பக்கம் கொண்டாந்தாங்க. அப்புறம்தான் பாலம் விழுந்துச்சாம். இவ பஸ் ஏறியிருந்தா நான் திரும்ப மாடிக்குத்தானே போயிருப்பேன்?"

என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கா? அதை எங்கே வைத்துக்கொள்வது?

ஏப்ரல் 2

மைதானத்தில் வகுப்பு தொடங்கியது. ஆறாவது நிறுத்தத்தில் இப்போது கூடாரங்கள்; நத்தையும் அம்மாவும் திரும்பிவந்து அங்கேதான் இருக்கிறார்கள். வண்டி முனை திரும்பும்போதே நத்தை நிற்கிறாள், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அஞ்சு மணிக்கே வந்து நின்னுக்கறா, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறா" என்றாள் அம்மா. தூங்குவதும் இல்லையாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஏப்ரல் 10

பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "நீ வராம இந்த வண்டி போகாதுடி."

"ஒரு நிமிஷம்தானேக்கா நிக்கும்?"

பெரியவர்கள் மாதிரிப் பேசுகிறாள். நான் போய்ச் சொன்னதும் தலைமை ஆசிரியையே பள்ளி வாசலில் நின்ற வண்டிக்குள் ஏறிவந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இனி அந்தக் கணக்கு கிடையாது." நத்தை தலையாட்டினாள். நம்பவில்லை.

ஏப்ரல் 24

இன்றும் முதல் ஆள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

மே 6

ஆறாவது நிறுத்தத்தில் யாரும் இல்லை. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்தார். இரண்டு நிமிடம். நான்கு. ஒரு பிள்ளைகூட உச்சுக்கொட்டவில்லை. ஏழாவது நிமிடம் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள், பின்னல் அவிழ்ந்து, கன்னத்தில் பாய்த் தடத்தோடு.

"ஏன்டி லேட்டு?"

"தூங்கிட்டேன்க்கா."