அண்டா ஒளிந்த வெங்காயப் பட்டறை

பங்குனி 3, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. பட்டறை ஓலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இழுத்துக் கட்டினேன்.

முதியோர் பள்ளி டீச்சர் சொன்னது: தினமும் நாலு வரி எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஒன்றும் தோன்றாவிட்டால் பார்த்த பொருளை எழுதலாம்.

பார்த்த பொருள்: எங்கள் பட்டறை. கீழே கல். கல் மேல் மூங்கில் பரப்பு. சுற்றிலும் சோளத்தட்டை. தலைக்கு ஓலை. உள்ளே மாசியில் பிடுங்கின சின்ன வெங்காயம். நாலு பக்கமும் காற்று நுழைய வேண்டும். நுழைந்தால் ஆடி வரை கெடாது. ஆடியில் விலை ஏறும்.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை வெற்றிலை போட்டாயிற்று. ஆனாலும் முடித்துவிட்டேன். என் பட்டறை இப்போது காகிதத்திலும் நிற்கிறது! தலை நரைத்த பிறகு கிடைத்த சந்தோஷம். வெங்காயம் நீளமான சொல். இனி வெ. என்று போடுவேன்.

சாயங்காலம் சடையன் வந்தான். சித்தப்பா மகன், பக்கத்து வீடு. அரியலூர் போய்த் திரும்பியவன், வாசலில் நின்றே சொன்னான்.

"அண்ணே, கோர்ட்டுல ஒம் மேல ஆர்டர் ஆயிடுச்சாம். வக்கீல் குமாஸ்தா டீக்கடையில சொன்னாரு. அமீனா ஜப்திக்கு வராராம்."

"எப்ப?"

"இந்த வாரமோ அடுத்த வாரமோ. அதயெல்லாம் சொல்லிட்டா வருவாங்க?"

மேலே எழுத வரவில்லை.

பங்குனி 4, செவ்வாய்

வெயில். கண் எரிச்சல். தூங்கவில்லை.

கடன் விவரத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எழுதினால் பயம் குறைகிறதா பார்க்கலாம். அரியலூர் மண்டிக்காரர் ராமநாதனிடம் கிணறு வெட்ட வாங்கினது. ஆயிரத்து இருநூறு. புரோநோட்டில் கட்டைவிரல் வைத்தேன். கிணற்றில் பாறை. தண்ணீர் ஊறவில்லை, வட்டி ஊறியது. இப்போது இரண்டாயிரத்துக்கு மேல். போன வருஷம் கோர்ட்டு ஆள் கதவில் ஒரு காகிதம் ஒட்டிப் போனார். கொசு மருந்து அடிக்கிறவர் ஒட்டினது என்று என் பெண்டாட்டி அஞ்சலை நினைத்தாள். நானும்தான். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. வழக்குக்கு ஆஜராகச் சொன்ன கெடு தாண்டிவிட்டது.

எழுதியாயிற்று. பயம் குறையவில்லை. ஆனால் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

தெருவில் சைக்கிள் மணி அடித்தால் எட்டிப் பார்க்கிறேன். இன்று வந்த சைக்கிள்: ஐஸ்காரன், தபால்காரர், கோழி வியாபாரி. அமீனா இல்லை.

குழாயடியில் பேச்சு. எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"கதவப் பூட்டிட்டு நாலு நாளு மக வூட்டுக்குப் போயிட்டா என்னா?"

"பூட்டுன கதவ ஒடைக்க மாட்டாங்களாம்ல."

"மாட்ட ஓட்டி விட்டுடணும். பித்தளைய யாரு வூட்டுலயாச்சும் குடுத்துடணும்."

அஞ்சலையும் அதைத்தான் சொல்கிறாள். எங்கள் பக்கத்தில் அமீனா என்றால் அதுதான் வழக்கம். தெருவே சேர்ந்து ஒளிக்கும்.

நான் முடிவு செய்துவிட்டேன். பூட்ட மாட்டேன். ஓட மாட்டேன். மகள் வீடு வேப்பந்தட்டையில். சம்பந்தி வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. வெ. இருக்கிறது. ஆடியில் விற்று அடைப்பேன்.

"ஆடி வர அமீனா ஒங்க வெங்காயத்துக்குக் காவலு இருப்பாரா?" என்றாள் அஞ்சலை. "அந்த அண்டா எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அத மட்டும் தொடட்டும், பாக்குறேன்."

பங்குனி 6, வியாழன்

லேசாக மேகம். மழை இல்லை. பக்கத்துக் கிணற்றிலிருந்து கத்தரிக்குத் தண்ணீர் கட்டினேன்.

பரணில் அண்டா இல்லை. குடம் இல்லை. குத்துவிளக்கும் தாம்பாளமும் இல்லை.

"எங்கடி?"

"இருக்குற எடத்துல இருக்கு."

"யாரு வூட்டுல குடுத்த?"

"யாரு வூட்டுலயும் குடுக்கல. ஒங்களுக்கு ஏன் சொல்லணும்? அமீனா கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

அதுவும் சரிதான். விட்டுவிட்டேன்.

வகுப்பில் சிலேட்டில் என்ன எழுதுவது என்று டீச்சர் கேட்டார். அமீனா என்று எழுதினேன். டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். அவர் சொன்னது: கையில் ஒரு தொகையோடு கோர்ட்டுக்கு நேரில் போகலாம், தவணை கேட்கலாம், ஆனால் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். மனு மாதிரி ஒன்று எழுதித் தந்தார். பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். "கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு." எத்தனை சுழி! கை வலித்தாலும் நிறுத்த மனமில்லை.

பங்குனி 9, ஞாயிறு

புழுக்கம். பட்டறைப் பக்கம் நாற்றம்.

எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். தட்டையை விலக்கிக் கை விட்டேன். சூடு. வெ. கொழகொழவென்று விரலில் ஒட்டியது. இன்னும் உள்ளே விட்டேன். கோணி. கோணிக்குள் பித்தளை.

அண்டா!

அஞ்சலை வந்து நின்றாள். முகம் செத்துவிட்டது. செவ்வாய் சாயங்காலம் நான் வகுப்புக்குப் போன பிறகு பின்பக்கம் வழியாகத் தோண்டி அண்டாவை இறக்கி, அதற்குள் மற்றதை அடுக்கி, பளபளப்பு தெரியாமல் இருக்க ஈரக் கோணியைச் சுற்றி, மேலே வெ. மூடியிருக்கிறாள். குடத்தின் அடியில் தண்ணீர் இருந்ததைப் பார்க்கவில்லை. அது வேறு சாய்ந்து கொட்டியிருக்கிறது. காற்றும் அடைத்து, ஈரமும் சேர்ந்து, நடுவில் முழுக்க வெந்துவிட்டது.

கடனை அடைக்க இருந்தது அது ஒன்றுதான்.

வாயில் கெட்ட வார்த்தை வந்தது. சொல்லவில்லை. அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அண்டாவக் காப்பாத்தப் போயி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"தட்டையப் பிரி. வெயிலு இருக்குறப்பவே கொட்டிப் பொறுக்கலாம்" என்றேன்.

சடையனும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். நாலு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லது ஒரு பக்கம், அழுகினது குழிக்கு. பாதிக்குக் கொஞ்சம் கூடத் தேறும். ஈரம் பட்டது இனி ஆடி வரை தாங்காது. உடனே விற்க வேண்டும், கிடைத்த விலைக்கு.

"அண்ணி, அடுத்த தடவ வெங்காயத்த அண்டாக்குள்ள வையி" என்றான் சடையன். அவன் பெண்டாட்டி அவனை முறைத்தாள். அஞ்சலை முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பங்குனி 10, திங்கள்

அனல் காற்று. அமீனா வந்துவிட்டார்.

வாசல் முழுக்க வெ. காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அண்டா, குடம், குத்துவிளக்கு, தாம்பாளம். நாற்றம் போக அஞ்சலை புளி போட்டுத் தேய்த்து வரிசையாக வைத்திருந்தாள். வெயிலில் கண் கூசியது. ஒரு சாமானைக்கூட ஒளிக்க நேரம் இல்லை. அமீனா குடையை மடக்கினார். கூட எங்கள் ஊர்த் தலையாரி.

"என்ன பெரியவரே, ஏலத்துக்கு நீங்களே கடை பரப்பி வச்சிட்டீங்க?"

பயம்தான். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க சார். ஒக்காருங்க. மோரு குடிக்கிறீங்களா?"

"போற வூட்டுலெல்லாம் பூட்டுதான்யா என்னை வாங்கன்னு சொல்லும்" என்றார். மோர் வாங்கிக் குடித்தார். உடனே மூக்கைச் சுளித்தார். "என்ன இது இப்புடி நாறுது?"

அஞ்சலை பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "எல்லாம் ஒங்களாலதாங்க! ஒங்களுக்குப் பயந்து அண்டாவ உள்ள வச்சேன், வெங்காயம் பூராவும் அழுவிப்போச்சு!"

தலையாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். அமீனா ஒரு வெ. எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"இத வண்டியில ஏத்தி அரியலூரு கொண்டு போறதுக்குள்ள சாறாயிடும். எனக்கு வேணாம். ஏரு மாட்டத் தொடக் கூடாது. சோறாக்குற சட்டி பானையத் தொடக் கூடாது. அண்டா, குடம், வெளக்கு, தாம்பாளம் எழுதிக்கிறேன்."

"பித்தளையோட முடிஞ்சிடுமா சார்?" என்று கேட்டேன்.

"இது வட்டிக்கே பத்தாது. அடுத்து நெலத்துக்குத்தான் வருவோம். நான் சொல்றேன்னு இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தொகையக் கட்டித் தவணை கேளுங்க."

நிலம். ஒரே துண்டு. கூலிக்குப் போன காலத்தில் நானும் அவளும் சீட்டுக் கட்டி வாங்கினது.

அமீனா எழுதி முடித்து மைப்பெட்டியைத் திறந்தார். கட்டைவிரலைக் காட்டச் சொன்னார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன் சார்."

படித்தேன். அவர் எழுத்து கோழி கிளறினது மாதிரி. பித்தளை அண்டா ஒன்று. குடம் ஒன்று. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டு.

"நம்ம அண்டாவ எடுத்துட்டுப் போறாங்க, இவரு பாட்டுப் படிக்கிறாரு!" என்றாள் அஞ்சலை.

"பெரியவரே, மூணு மணி பஸ்ஸு போயிடும்யா."

"அடுத்த பஸ்ஸு வரும் சார். என் பேருல எழுதினத நான் இதுக்கு முன்னால படிச்சதே இல்ல."

அமீனா அதற்கு மேல் அவசரப்படுத்தவில்லை. முழுவதும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். சாமான்களைச் சடையன் பொறுப்பில் விட்டுவிட்டு, கோர்ட்டு கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று அவனிடம் எழுதி வாங்கினார். அவன் கட்டைவிரல்தான் வைத்தான். வகுப்புக்கு வாடா என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணி பஸ் போய்விட்டது.

பங்குனி 12, புதன்

காற்று. புழுதி.

சடையன் வண்டியில் வெ. ஏற்றிப் பெரம்பலூர் போனோம். விலை மட்டம். தரகர் மூட்டையை முகர்ந்தார். "தண்ணி பட்ட சரக்காட்டம் இருக்கே."

"பட்டதுதாங்க. பட்டத எடுத்துக் கொட்டிட்டுத்தான் கொண்டாந்தேன். அவுத்துக் கொட்டிப் பாருங்க."

கொட்டிப் பார்த்தார். எடை போட்டார். ஆடி விலையில் பாதி இருக்காது. கடனில் கால் பங்கு தேறியது. வழியில் எதுவும் சாப்பிடவில்லை. சடையனுக்கு மட்டும் நாலு இட்லி.

வீட்டில் அஞ்சலை மூக்குத்தியைக் கழற்றி வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். வைத்தபடியே இருந்தாள். "அழுக வச்சது நானு" என்றாள். "மாட்டுடி" என்று அதட்டின பிறகுதான் மாட்டினாள்.

பங்குனி 14, வெள்ளி (எழுதுவது சனி காலை)

நேற்று அரியலூர். போகும்போது பஸ்ஸில் கூட்டம், வெயில். துவைத்த வேட்டி. பணம் மடியில்.

கோர்ட்டு வராந்தாவில் காலையிலிருந்து நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை, நின்றேன். மனுவை வாங்கின குமாஸ்தா புரோநோட்டை எடுத்துப் பார்த்தார்.

"இதுல ரேகை இருக்கு. மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிய்யா நம்புறது?"

"ரெண்டும் என் கைதான் சார்."

இரண்டையும் போடச் சொன்னார். கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே கட்டைவிரலும் வைத்தேன்.

டவாலிச் சேவகர் என் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க!" என்று போட்ட சத்தத்தில் ஜட்ஜ் ஐயாவே நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு கொண்டுவந்திருக்கிறாய், மீதி எப்படி என்று கேட்டார். சொன்னேன். மாதா மாதம், கத்தரியிலும் கூலியிலும். அடுத்த வெ. பிடுங்கினதும் பெரிய தொகை.

மண்டிக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சம்மதிக்கிறாரா என்று ஐயா கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஆடி வர வச்சிருந்தா ரெட்டிப்பு வெல போயிருக்குமே. ஏன்யா இப்ப வித்த?"

"ஆடி வர நீங்க காத்திருக்கலீங்களே."

அவர் வக்கீலே சிரித்துவிட்டார். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த பணத்தைப் பார்த்தார். பிறகு, "சம்மதங்க" என்றார். ஒரு மாதம் தவறினாலும் மறுபடி ஜப்தி என்று ஐயா எச்சரித்தார். தவற மாட்டேன் என்றேன். பணம் கட்டினேன். ரசீதை அங்கேயே நின்று படித்தேன். நிலத்துக்கும் அண்டாவுக்கும் இப்போது வரமாட்டார்கள்.

வெளியே டீக்கடை. மண்டிக்காரரும் அங்கேதான். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்தோம். அவர் சட்டைப்பையில் கை விடுவதற்குள் இரண்டு டீக்கும் நான் காசு கொடுத்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

மீதிக் காசுக்குப் பாதி வழி வரைதான் டிக்கெட். இறங்கி நடந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. ரோட்டோரம் ஒவ்வொரு கல்லிலும் ஊர்ப் பேர், எண். இத்தனை வருஷம் இதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறேன். இன்று ஒன்று விடாமல் படித்தேன். ஒரு கல்லில் சாணி அப்பியிருந்தது. குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். எங்கள் ஊர். இன்னும் இரண்டு என்று போட்டிருந்தது.

நடந்தேன்.