மூன்று மைக்கும் ஒரு பெட்டியும்

ஜூன் 3, செவ்வாய். சிதம்பரம்.
கணினியில் நேரடியாகச் செருகும் மைக் ஒன்று இருந்தது. இரண்டாவதையும் வாங்கினால் இரண்டு குரல் பதிவாகும் என்று நானே முடிவு செய்து வாங்கினேன். கணினி ஒன்றைத்தான் மதிக்கிறது. வலைத்தளங்களைப் படித்துப் பார்த்து இரண்டையும் ஏற்கச் செய்தால், நேரம் போகப் போக ஒன்று மற்றதைவிடப் பின்தங்கி, எல்லாமே எதிரொலிக்கிறது. வாங்கும் முன் விசாரிக்க வேண்டும் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி நானே அமர்ந்து பேசிச் சோதித்தேன். பார்க்க ஆளில்லாதது நல்லதாயிற்று.

ஜூன் 7, சனி.
வழக்கம்போல் இருவரும் வந்தார்கள். ஜான்சி படித்த காலத்தில் பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி; கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து பேருந்தில் வருகிறாள். கொளஞ்சியம்மாள் எங்கள் வரலாற்றுத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், அடுத்த தெரு. மூவரும் அந்த வாரச் செய்தித்தாளை வைத்துக்கொண்டு சண்டையிடுகிறோம். அதை நான் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறேன். கேட்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். இதுவரை கைப்பேசியில் பதிவு செய்ததில் என் குரல் மட்டுமே உரக்க ஒலித்தது. "நீ மேடையில இருக்க, நாங்க கொல்லையில இருக்கோம்" என்றாள் ஜான்சி. நியாயம்தான்.

ஜூன் 11, புதன்.
நான்கு மைக்குகளின் ஒலியை ஒரே நேரத்தில் வாங்கித் தனித்தனித் தடமாகக் கணினிக்கு அனுப்பும் பெட்டி தபாலில் வந்தது. புது மைக்குகளுக்கு என் ஓய்வூதியம் இடம் தராது. திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடும் தேவசகாயத்திடம் பழைய மேடை மைக்குகள் மூன்றைப் பேரம் பேசி வாங்கினேன். ஒன்றில் இன்னும் சந்தனம் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 14, சனி.
மேடை மைக் அருகில் இருப்பதைத்தான் கேட்கும். எனவே வாயிலிருந்து ஒரு கைப்பிடித் தூரத்தில் பிடிக்க வேண்டும், என்ன நேர்ந்தாலும் இறக்கக் கூடாது என்று பாடம் நடத்தினேன். கொளஞ்சியம்மாள் முதலில் குழம்புக் கரண்டியைப் போல வயிற்றருகே பிடித்தாள். பிறகு பழகிக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தியதற்கு ஜான்சி என்னைச் சபித்தது மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்.
இன்று யாரிடமும் பேசவில்லை. கீரைக்காரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜூன் 21, சனி.
நல்ல பதிவு. இடையில் தேநீர் போட எழுந்து போனேன். பதிவை நிறுத்தவில்லை, பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 23, திங்கள்.
வெட்டுவதற்காக ஒவ்வொரு தடத்தையும் தனியாகக் கேட்டேன். நான் அடுக்களையில் இருந்த நேரம். இருவரும் மைக்கை இறக்கவில்லை — நான் சொன்னபடியே, வாயருகே பிடித்துக்கொண்டு, கிசுகிசுத்திருக்கிறார்கள்.

ஜான்சி: "முட்டி உசுர எடுக்குதுடி. டாக்டரு பஸ்சே ஏறாதன்றாரு."

"அப்ப ஏங்க்கா வர்றீங்க?"

"நாம வரலன்னா இவ யாருகிட்ட சண்ட போடுவா?"

"சொவுத்துக்கிட்டதான்."

சிரிப்பு. பிறகு ஜான்சி: "பாவம்டி. சும்மா இரு, வர்றா."

ஜூன் 24, செவ்வாய்.
பாவமா? நானா? இவளுக வீட்டுல பேச்சுத் துணை இல்லன்னுதானே நான் இத்தனை மெனக்கெட்டேன் — அப்படித்தானே நெனச்சிட்டிருந்தேன்?

ஜூன் 27, வெள்ளி.
பெட்டி பழுதாகிவிட்டது, வர வேண்டாம் என்று இருவரிடமும் தொலைபேசியில் சொன்னேன். "சரி, ரெடியானா சொல்லு" என்றாள் ஜான்சி. குரலில் நிம்மதி இருந்ததா? தொலைபேசியில் தெரியவில்லை.

ஜூன் 28, சனி.
செய்தித்தாள் படித்தேன். முழுவதும்.

ஜூலை 5, சனி.
மூன்று மைக்கையும் இணைத்து நான் மட்டும் பேசிப் பார்த்தேன். மற்ற இரண்டு தடங்களிலும் தூரத்தில் யாரோ ஒரு கிழவி முணுமுணுக்கிறாள். அவள் சொல்வதை மறுக்க ஆளில்லை. மறுக்கப்படாத கருத்து எவ்வளவு சலிப்பூட்டுகிறது! அழித்துவிட்டேன்.

அந்தக் கிசுகிசுப்பை மட்டும் மறுபடி கேட்டேன். 'பாவம்' என்பதையே இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். முட்டியைப் பற்றி ஜான்சி சொன்னதை இன்றுதான் கேட்டேன்.

ஜூலை 12, சனி. இரவு.
எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு, கொளஞ்சியம்மாளையும் கிளப்பி, கடலூர்ப் பேருந்து ஏறினேன். ஜான்சியின் வீட்டுக்கு நான் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கதவைத் திறந்தவள் பையைப் பார்த்தாள்.

"மெஷினு சரியாயிடுச்சா?"

"அது கெடவே இல்ல."

கொளஞ்சியம்மாள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டியா?" என்றாள் ஜான்சி.

"நீங்கதான் மைக்க எறக்கவே இல்லையே. ஒக்காரு, நின்னா வலிக்கும்."

அவள் மகன் ராபர்ட் மேசையை நகர்த்திக் கொடுத்தான். சண்டை நன்றாகவே நடந்தது. இரண்டு விஷயங்களில் நான் தோற்றேன். அந்த வெயிலில் மின்விசிறியை நிறுத்த ஜான்சி சம்மதிக்கவில்லை. அவள் வீடு, அவள் சட்டம்.

பெட்டியையும் மைக்குகளையும் அவளது அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். வாராவாரம் சுமந்து திரிய எனக்கென்ன தலையெழுத்தா?