டாக்டர் என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

சோறு ஊட்டிய கையாலேயே என் தலையில் குட்டவும் செய்த பாக்கியம் அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க வாய் வருது. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. போன ஞாயிறு மூன்று மணிக்கு, நம் பாட வேளையில், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரர்கள்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, நம் வீட்டுக்கு மாடியே கிடையாது. எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன்.

நம் பாடம் என்னவென்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பத்து பாகாட் ஊர்த் தையல் தொழிற்சாலையில் நீ லைன் லீடர் ஆனாய். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசினால் முழிக்க வேண்டியிருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டாய். நான் என்ன பெரிய வாத்தியாரா? ஏற்றுமதிப் பிரிவில் கடிதம் அடிக்கிற கிராணி, வெறும் குமாஸ்தா. வாரம் ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு மூன்று வாக்கியம் நீ எழுத வேண்டும், தப்பான இடத்தில் நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். நீ போட்ட ஒரே நிபந்தனை, "நடந்ததைத்தான் எழுதுவேன் தம்பி. நடக்காததை எழுதக் கை கூசுது."

'புல் த்ரூ' என்ற சொல் வந்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? சளி காய்ச்சல் போனதற்கெல்லாம் அதைச் சொல்லக்கூடாது, அதற்கு 'கெட் ஓவர்' போதும் என்றேன். சாவு வரைக்கும் போய்விட்டுப் பிழைத்து வந்தவர்களுக்குத்தான் இது என்றேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்.

"நீ டிங்கிக் காய்ச்சல்ல கிடந்தப்போ டாக்டர் இதைத்தான் சொன்னாரு. ஹீ வில் புல் த்ரூன்னு. எனக்கு அர்த்தம் தெரியல. நீ போயிடப் போறேன்னு நெனச்சு பாத்ரூம்ல நின்னு அழுதேன் லா!"

விழுந்து விழுந்து சிரித்தோம். என் தம்பி புல் த்ரூ பண்ணினான் என்று முதல் வாக்கியம் எழுதினாய். அவன் புல் த்ரூ பண்ணியதால் எனக்குப் பாடம் சொல்கிறான் என்று இரண்டாவது. மூன்று என்று எண் போட்டுவிட்டு நிறுத்தினாய். "நம்ம வீட்ல வேற யாரும் அப்படிப் போய்த் திரும்பலையே. காலியா இருக்கட்டும்." அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள் மதியம் உன் கட்டில் பக்கம் நின்று டாக்டர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், நீ புல் த்ரூ பண்ண மாட்டாய், குடும்பத்தை இப்போதே வரச் சொல்லுங்கள் என்று. நீ தூங்குவதாக அவர் நினைத்தார். அவர் போன கையோடு சிங்கப்பூரிலிருந்து நித்யா போன் பண்ணினாள். உன் ஒரே மகள்.

"மாமா, டாக்டர் என்ன சொன்னாரு? நான் இப்பவே கிளம்பவா?"

நீ கண்ணைத் திறந்திருந்தாய். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா புல் த்ரூ பண்ணிடுவாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு லா. வேலையை முடிச்சிட்டு நாளைக்கு வா, போதும்."

வெளியே நாலு எட்டு வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வைக்கவில்லையே அக்கா! உன் கண்ணுக்குப் பயந்தேன். அன்று பொழுது சாயும்போது நீ போய்விட்டாய். நித்யா பாலம் தாண்டி வந்து சேர்ந்தபோது உன் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்தோம். "டாக்டரே அப்படிச் சொன்னாரே மாமா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

உன் பதினாறாம் நாளும் ஞாயிறாக அமைந்தது. உனக்குப் பிடித்ததையெல்லாம் உன் அறையில் படைத்தோம், நாசி லெமாக், நெத்திலி சம்பல், கோப்பி. நான் உன் நோட்டையும் என் சிவப்புப் பேனாவையும் வைத்தேன். அந்தக் காலி மூன்றாம் எண் கண்ணை உறுத்தியது. டாக்டர் சொன்னார், அக்கா புல் த்ரூ பண்ணிடுவாள் என்று ஆங்கிலத்தில் நீலப் பேனாவால் எழுதி வைத்தேன். உன் படையலிலும் என்னால் உண்மையை எழுத முடியவில்லை, பார்த்தாயா? கடைசியாக நித்யா கோப்பியை வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். நீ வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் வெளியே காத்திருந்தோம். உள்ளே பல்லி சொன்னது. வழக்கப்படி மூன்று தடவை தட்டிவிட்டுத் திறந்தேன்.

காற்றாடி ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. நோட்டில் டாக்டர் என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. பேனாவின் மூடி பின்பக்கம் செருகியிருந்தது, நீ செருகுகிற மாதிரியே. மை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நித்யா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "யாரு மாமா வட்டம் போட்டது?"

"பழசும்மா. எப்பவோ போட்டது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

நீ போட்டாயா அக்கா? இல்லை, கடைசியாக உள்ளே போன அவளா? யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. நீ என்றால், அன்று கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மகள் வரமாட்டாள் என்று தெரிந்தே படுத்திருந்தாய். அவள் என்றால், டாக்டரிடமே விசாரித்து எல்லாம் தெரிந்தும், நானே வாய் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை நித்யா வருகிறாள். இந்த மேசையில் அவளை உட்காரவைத்து, டாக்டர் என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நான் என்று அவள் கண் முன்னாலேயே எழுதுவேன். சத்தியம். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன். இனி இந்த வீட்டுப் படியே மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

மறுநாள் ஞாயிறு. நோட்டைத் திறந்தே வைத்திருப்பேன், பேனாவைப் பக்கத்தில் வைப்பேன். மூன்று மணிக்கு நாற்காலி நகர்ந்தால் இந்தத் தடவை எழுந்து ஓடமாட்டேன். நீயே பார்த்துத் திருத்து.

நீ பக்கத்தில் இருந்ததால் பிழைத்தவன்,
உன் மகளை உன் பக்கத்தில் வரவிடாதவன்,
உன் தம்பி சேகர்